பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஹம்: ஓசை பிறக்கும் இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வந்து சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் விடாமல் ஒரு ஹம், அதாவது ‘ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சல், எழுந்தால், இத்துறைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் புது வால்வுகளைத்தான் வாங்குகிறார்கள். ஓசை எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரியும்வரை எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். விளக்குவதற்கு வசதியாக, 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 என்னும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்கிறேன். இதில் மூன்றே வால்வுகள்: கிட்டார் சிக்னலை இரு பாதிகளில் அடுத்தடுத்துப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரான 5ஒய்3. ஏறத்தாழ 5 வாட் திறன். 8 அங்குல ஸ்பீக்கர். கற்றுக்கொள்ள இதைவிட எளிய சுற்று கிடைப்பது அரிது.

தொடங்கும் முன்

இதனுள்ளே சுமார் 340 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது, டிசியின் அலைவைச் சமன்செய்யும் ஃபில்டர் கண்டன்சர்களில் (மின்தேக்கிகளில்) தங்கியிருக்கக்கூடும். ஆகவே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்புள்ள கிளிப்புகளின் உதவியால் ஒவ்வொரு கண்டன்சரின் பிளஸ் முனைக்கும் சேஸிஸுக்கும் (கருவியின் உலோகச் சட்டகத்துக்கும்) இடையே பத்து நொடி பிடித்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிய நிலையில் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் பழுதாகிவிடும்.

அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட கருவி என்பதால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வழியாக மட்டுமே இதை இயக்க வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் ஆகையால் ஆம்ப்ளிஃபயரின் பவர் ட்ரான்ஸ்பார்மர் இங்கே சற்றுக் கூடுதலாகச் சூடேறும். அதன் தகடுகளே அதிர்ந்து இரைவதும் உண்டு. அந்த இரைச்சலைத் தனியே கேட்க வேண்டுமானால், அணைத்து ஆறவிட்டு, 5ஒய்3 வால்வை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் அமைதியாக இருந்தும் பெட்டி அதிர்ந்தால், ட்ரான்ஸ்பார்மரின் போல்ட்டுகளை இறுக்குவதே முதல் வைத்தியம். இந்தச் சோதனைக்கு 6வி6ஐக் கழற்றக் கூடாது. அப்படிச் செய்தால் மின்னழுத்தம் 450 வோல்ட்டைத் தாண்டி, அந்த அளவுக்கே தாங்கும் கண்டன்சர்களைச் சேதப்படுத்திவிடும்.

முதல் படி: காதால் பிரித்தறிதல்

கிட்டார், கேபிள் எதையும் செருகாமல் கேளுங்கள். கருவிக்குள் நுழையும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயரைக் கடந்தபின் மிச்சமிருக்கும் அலை 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் ஃபில்டர் கண்டன்சர்களைச் சந்தேகியுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் வயர், எர்த் இணைப்பு, அருகிலுள்ள ட்ரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ரெக்டிஃபயரின் ஒரு பாதி மட்டும் செயலிழந்தாலும் ஓசை 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும் என்பதால், இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: இடத்தைச் சுருக்குதல்

வால்யூமைத் திருப்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால், அதாவது இன்புட் ஜாக்கிலோ 12ஏஎக்ஸ்7இன் முதல் பாதியிலோ பிறக்கிறது. எதுவும் செருகாதபோது இன்புட்டை எர்த்தோடு சேர்த்து வைக்கும் ஒரு சிறிய தொடுமுனை அந்த ஜாக்கில் உண்டு. அது களிம்பேறினாலே போதும், ஹம் வந்துவிடும். சுத்தமான காகிதத் துண்டை இடையில் விட்டு மெல்ல இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் ஹம் மாறவில்லையென்றால், அணைத்துவிட்டு 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றி மீண்டும் கேளுங்கள். ஓசை அடங்கினால், குறை அந்த வால்வின் இரண்டாம் பாதியிலோ, ஹீட்டர் இணைப்பிலோ, அவ்வால்வுக்கு மின்சாரம் தரும் கடைசி ஃபில்டர் கண்டன்சரிலோ இருக்கிறது. வேறொரு 12ஏஎக்ஸ்7ஐ இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்கும் தருணம் இதுதான். அடங்காவிட்டால் 6வி6ஐயும் முதல் இரண்டு ஃபில்டர் கண்டன்சர்களையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ஃபில்டர் கண்டன்சர்கள்

பழைய கருவியில் மிக அதிகமாகக் காணப்படும் குறை இதுவே. 5எஃப்1இல் 16, 8, 8 மைக்ரோஃபாரட் என மூன்று எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் இருக்கும். உள்ளிருக்கும் ஈரப்பசை பல ஆண்டுகளில் காய்ந்துபோவதால் அவை கொள்திறனை இழக்கின்றன. புதியதைப் பழையதன்மேல் இணையாகத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. உயர் மின்னழுத்தம் ஓடும் கருவியில் தொடக்கநிலையாளர் அதைச் செய்யக் கூடாது. மூன்றையும் ஒருசேர மாற்றிவிடுங்கள்: 16க்குப் பதில் 22, 8க்குப் பதில் 10, 450 வோல்ட் அல்லது அதற்கு மேல். ஹம் முழுவதும் போய்விடும் என்ற ஆசையில் முதலிடத்தில் 100 மைக்ரோஃபாரட்டைப் போட்டால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 5ஒய்3 தன் வரம்புக்கு மீறிய மின்னோட்டத்தைத் தாங்க நேரிடும். பிளஸ், மைனஸ் முனைகளை இருமுறை சரிபாருங்கள். முதன்முறை ஆன் செய்யும்போது, ஸ்டெப் டவுனுக்கு முன்னால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸ் லாம்ப்பாக, அதாவது மின்சாரம் பல்பைக் கடந்தே கருவிக்குச் செல்லும்படி, இணையுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, விடாமல் பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஹீட்டரும் எர்த்தும்

வால்வுகளின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஏசி வயர்கள் இரண்டும் நன்றாக முறுக்கப்பட்டு, வால்வுக்குச் சிக்னலைக் கொண்டுசெல்லும் கிரிட் வயர்களிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். அவற்றில் ஒருமுனை நேரடியாக எர்த்தில் இணைந்திருந்தால், அந்த இணைப்பை நீக்கிவிட்டு, இரு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரை எர்த்துக்குக் கொடுங்கள். ஹம் கணிசமாகக் குறையும்.

அக்காலக் கருவிகள் இரண்டு பின் பிளக்குடனே வந்தன. மூன்று பின் வயரைப் போட்டு, சேஸிஸை உறுதியாக எர்த் செய்வது கட்டாயம். ஹம் போவதற்காக எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. எந்தச் சூழ்நிலையிலும் அதை நான் ஏற்கமாட்டேன்.

படபடப்பும் கரகரப்பும்

இவை வேறு வகை. விட்டுவிட்டுப் படபடவென்று வெடித்தால், 12ஏஎக்ஸ்7இன் பிளேட்டில் (பெருக்கிய சிக்னல் வெளியேறும் முனையில்) உள்ள 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர்களை மெட்டல் ஃபிலிம் வகையாக மாற்றுங்கள். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். அதற்குப் பிறகும் கரகரப்பு தொடர்ந்தால், டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் அடுத்த நிலைக்கு விடும் கப்ளிங் கண்டன்சர் வழியாக டிசி கசியக்கூடும்.

6வி6இன் பக்கமுள்ள கப்ளிங் கண்டன்சரைச் சோதிக்க, கருவி அணைந்திருக்கும்போதே மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கிளிப் செய்துவிட்டு, ஆன் செய்தபின் ஒரு கையை மட்டும் பயன்படுத்தி 6வி6இன் 5ஆம் பின்னை அளந்து பாருங்கள். அங்கே டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். ஓரிரு வோல்ட் பிளஸ் தெரிந்தாலும் அந்தக் கண்டன்சரை மாற்றிவிட வேண்டும், இல்லையேல் 6வி6 அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாம்பில் மெல்லிய ஹம் ஒன்று எஞ்சியிருக்கும். இரண்டு அவுட்புட் வால்வுகள் எதிரெதிராக இயங்கும் ஆம்ப்ளிஃபயரில் மின்வழங்கலின் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடுகின்றன. ஒற்றை 6வி6 மட்டுமே உள்ள இந்தச் சுற்றில் அதற்கு வழியில்லை. ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தால் மட்டும் கேட்டு, வாசிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடுகிற அளவில் அது இருந்தால், சால்டரிங் அயர்னை அணைத்துவிடலாம்.