உப்புவெளி மணலில் ஓடுகிறவர்கள் குதிக்காலைக் கவனியுங்கள்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் விடிய ஓடத் தொடங்கி இரண்டாவது கிழமையே எனக்குக் குதிக்கால் பிடித்துக்கொண்டது. படுக்கையால் எழும்பி வைக்கிற முதல் அடியில் ஆணி ஏறின மாதிரி வலிக்கும், கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடும், அதனால் சுகமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓடினேன். அது பிழை. குதிக்காலில் இருந்து விரலடி வரை உள்ளங்காலைத் தாங்குகிற தடித்த நார்ப்பட்டை நொந்துபோனால் இப்படித்தான் காலையில் வலிக்கும்.

காய்ந்த மணல் பஞ்சு மாதிரி, காலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் குதிக்கால் புதைவதால் கெண்டைக்காலும் அதைக் குதிக்காலோடு இணைக்கிற குதிநாணும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இழுபடுகின்றன. ஆகவே முதல் கிழமை பத்து நிமிடம் நடந்தால் போதும், அப்புறம் மெதுவாகக் கூட்டுங்கள். அலை நனைத்த இறுகின மணலில் ஓடுவது இலேசு, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். வடக்கே நிலாவெளிப் பக்கம் போகும்போது கடல் வலப் பக்கம், அதனால் வலது கால் பள்ளத்தில், திரும்பி வரும்போது இடது கால் பள்ளத்தில். ஒரு பக்கம் மட்டும் ஓடிவிட்டு ஓட்டோவில் திரும்பாதீர்கள், போன தூரத்தை அதே மணலில் திரும்பி வாருங்கள்.

வலி வந்துவிட்டதா? கட்டிலை விட்டு இறங்க முதல், வலிக்கிற காலை மற்றக் காலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். உள்ளங்காலில் ஒரு நரம்பு விறைத்து நிற்பது மாதிரி கைக்குத் தட்டுப்படும், அதுதான் அந்தப் பட்டை. பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று முறை. பின்னேரம் தண்ணீர் உறைந்த பிளாஸ்டிக் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளங்காலடியில் உருட்டலாம். சுகமாக மாதக்கணக்கும் ஆகும், பொறுமை வேண்டும்.

சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் விடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், குளித்ததும் விரலிடுக்கைத் துடையுங்கள். வெறுங்காலில் சிப்பி, போத்தல் ஓடு ஆழமாக வெட்டினால் கழுவிவிட்டு, ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டில் சலரோகக்காரர் (நீரிழிவு உள்ளவர்) இருந்தால் இதை மறக்கவே வேண்டாம். கோணேசர் கோயிலுக்கு உச்சி வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். செருப்பைக் கழற்றினால் தரை சுடுவது நமக்குத் தெரியும், சலரோகத்தால் உணர்ச்சி குறைந்த காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையிலேயே போய்வந்து, அன்றிரவு அவர்களின் உள்ளங்காலை நீங்களே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சின்னப் புண் இருந்தாலும் அடுத்த நாளே கிளினிக்.