மின்னூலுக்கு அருஞ்சொற்பொருள் பட்டியல் அமைக்கும் முறை

கொங்கு வட்டார வழக்கில் எழுதிய நாவலொன்றை நீங்களே கிண்டிலில் வெளியிடவிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமலை, தவசம், பண்ணயம் போன்ற சொற்கள் பிற வட்டாரத்தாருக்குப் புரியாமல் போகலாம். அச்சுநூலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பொருள் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம். மின்னூலில் அதற்கு இணைப்பு வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் அதை அமைக்கும் முறை இது.

முதலில், கோப்பு முழுவதும், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொது எண்ணைத் தரும் யூனிகோடு முறையில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பகுதி மின்னூலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியக்கூடும்.

அடுத்து, பட்டியலை நூலின் இறுதியில் தனி அத்தியாயமாக வைத்து, அதன் தலைப்புக்கு 'ஹெட்டிங் 1' பாணியைக் (ஸ்டைல்) கொடுங்கள். அப்போதுதான் பொருளடக்கத்தில் அது இடம்பெறும். முன்பகுதியில் வைத்தால், இலவச மாதிரியைத் திறப்பவர் கதைக்கு முன்பே சொற்பட்டியலைக் கடக்க நேரும்.

பதிவுகளை இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையாக அமைக்க வேண்டாம், கைப்பேசித் திரையில் அது நெருக்கப்பட்டுச் சிதைந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் தனிப் பத்தியாக, தடித்த எழுத்தில் இட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் பொருளை எழுதுங்கள்.

கமலை: மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்பு.
தவசம்: தானியம்.

இப்பத்திகளுக்கென்று புதிய பாணி ஒன்றை உருவாக்கி, முதல் வரியை விட்டு அடுத்த வரிகளை மட்டும் உள்ளே தள்ளும் 'ஹேங்கிங்' உள்தள்ளலை அரை சென்டிமீட்டர் அளவில் அதிலேயே அமைத்துவிடுங்கள். டேப் விசையாலோ வெற்றிடங்களாலோ தள்ளினால் கருவிக்குக் கருவி தோற்றம் மாறும். சாய்வெழுத்து தமிழில் கண்ணை உறுத்துவதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அகரவரிசையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். யூனிகோடு எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. ஆகவே அவ்வெண்களை மட்டும் பின்பற்றி அடுக்கும் மென்பொருளில் 'தவசம்' என்பதற்கு முன்பே 'தழை' வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் வகரமே முந்தியது. அகராதி பார்த்துப் பழகிய வாசகர் சொல்லைத் தேடி ஏமாறாதிருக்க, தானாக அடுக்கிய பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

இனி இணைப்பு. பட்டியலிலுள்ள 'கமலை'யைத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' பட்டியில், இடத்தைக் குறித்துவைக்கும் 'புக்மார்க்' வழியாக, ஆங்கில எழுத்தில் தொடங்கும், இடைவெளியற்ற ஒரு பெயரைக் கொடுங்கள். பிறகு கதையில் அச்சொல் முதன்முதலாக வரும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 'லிங்க்' என்பதில் 'பிளேஸ் இன் திஸ் டாக்குமெண்ட்' பகுதிக்குச் சென்று, அந்தப் புக்மார்க்கைச் சுட்டுங்கள். அவ்விடத்துக்கும் வேறொரு புக்மார்க் இட்டு, பொருளின் முடிவில் 'கதைக்குத் திரும்ப' என்று எழுதி அதனுடன் இணையுங்கள். வரும் இடங்களிலெல்லாம் இணைப்புக் கொடுத்தால் பக்கம் முழுதும் கோடுகளாகி வாசிப்பு தடைபடும். முதல் இடத்தில் கொடுத்தால் போதும்.

இறுதியாக, அமேசான் இலவசமாகத் தரும் 'கிண்டில் பிரிவியூவர்' மென்பொருளில் கோப்பைத் திறந்து, கைப்பேசித் தோற்றத்தில் எழுத்தளவைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இணைப்பையும் இருபுறமும் சொடுக்கிப் பார்த்த பின்னரே பதிவேற்றுங்கள்.