யாழ்ப்பாணத்து வெக்கையில் பிலிம் கழுவ: ரீலும் டாங்கும் வாங்குவது, பிலிமை ஏற்றுவது

வீட்டில் பிலிம் கழுவத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த டெவலப்பர், அதாவது படத்தைத் தெரிய வைக்கும் மருந்து, நல்லது என்றுதான். டெவலப்பர் கொஞ்சம் முன்பின் போனாலும் படம் வரும். மருந்து ஊற்றுகிற, வெளிச்சம் புகாத டாங்குக்குள் பிலிமைச் சுற்றி வைக்கிற சுருள்தான் ரீல்; இருட்டில் பிலிம் அதில் ஒழுங்காக ஏறாவிட்டால் படம் வராது. அதுவும் எங்கள் ஊரில், மின்விசிறியை விட்டு ஓரடி தள்ளி நின்றாலே கழுத்து நனைகிற சித்திரை வைகாசியில், முழு வேலையிலும் கடினமான பகுதி அந்தப் பத்து நிமிடம்தான்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. நல்லூர்த் தேரன்று இரண்டு பிலிம் எடுத்திருந்தேன். ஒன்றைக் கழுவி முடித்த கையோடு அதே ரீலைத் துவாயால் துடைத்துவிட்டு மற்றதை ஏற்றினேன். பாதியில் நின்றது, நான் தள்ளினேன். கழுவி எடுத்துப் பார்த்தால் நடுவில் ஏழெட்டுப் படங்களின் இடத்தில் பால் தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டு. சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்ட இடத்துக்குள் டெவலப்பரும் போகவில்லை, படத்தை நிலைக்க வைக்கும் பிக்ஸரும் போகவில்லை. அப்பா வடம் பிடித்த படம் அந்த ஏழெட்டுக்குள் இருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காரணம் எளிது. பிலிமின் ஒரு பக்கத்தில் பூசியிருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் அது ஊறிப் பிசுபிசுக்கும். பிலிமின் விளிம்பு ஓடுகிற தவாளிப்பில் ஒரு துளி தண்ணீர் நின்றாலே போதும், பிலிம் அந்த இடத்தைத் தாண்டாது. கையிலிருந்து சொட்டும் வியர்வையும் அதே வேலையைத்தான் செய்யும்.

சரி, எதை வாங்குவது? பிளாஸ்டிக், சில்வர் என்று இரண்டு வகை உண்டு. பிளாஸ்டிக்கில் அதிகம் கிடைப்பது பாட்டர்சன். அதன் ரீலில் பிலிமை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே செலுத்துகிறோம். நுழைவாயிலில் இரண்டு சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும், ரீலின் இரு பாதிகளையும் முன்னும் பின்னும் திருப்பத் திருப்ப அவை பிலிமைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நுழைவாயில் அகலமாக, மேசை போல நீண்டிருக்கும் ரீல்களும் வருகின்றன. இருட்டில் தடவிச் செருக அவை மிகவும் வசதி. முதல் முறை வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இந்த வகையை வாங்கலாம். ஒரே ரீலை விரித்து, 35 மி.மீ. பிலிமைவிட அகலமான 120 பிலிமுக்கும் பயன்படுத்தலாம் என்பது இன்னொரு நன்மை.

சில்வர் ரீல் வெறும் கம்பிச் சுருள். பிலிமை நடுவில் மாட்டி, உள்ளிருந்து வெளியே சுற்ற வேண்டும். பழக ஒரு வாரம் எடுக்கும். ஆனால் ஈரமானாலும் துடைத்து மின்விசிறிக்கு முன்னால் பிடித்தால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், அடுத்தடுத்து நாலு பிலிம் கழுவுகிறவருக்கு இது பெரிய விஷயம். மருந்தும் குறைவாகத்தான் செல்லும்: ஒரு 35 மி.மீ. பிலிமுக்கு 250 மி.லி. அளவில் முடிந்துவிடும், பாட்டர்சனில் 290 மி.லி. வேண்டும், 120 என்றால் 500 மி.லி. பாட்டர்சன் டாங்கின் அடியைத் திருப்பிப் பார்த்தால் இந்த அளவுகள் அச்சிலேயே இருக்கும். வேறு டாங்க் என்றால் வெறும் ரீலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ரீல் முழுதாக மூழ்க எவ்வளவு செல்கிறது என்று வெளிச்சத்திலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை 20 பாகை. எங்கள் குழாய்த் தண்ணீர் அதற்குக் கிட்டவும் வராது, ஐஸ் போட்ட வாளிக்குள் டாங்கை வைத்துத்தான் ஆக வேண்டும். சில்வர் டாங்க் அந்தக் குளிரை உடனே வாங்கும், வெளியே எடுத்தால் உடனே சூடாகியும் விடும். பிளாஸ்டிக் இரண்டிலும் மெதுவு. மருந்தை முதலே குளிராக்கி ஊற்றுகிறவருக்குப் பிளாஸ்டிக் நிம்மதி தரும்.

பழையது வாங்கினால் இரண்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் டாங்கில் நடுவில் நிற்கிற கறுப்புக் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் மூடினால் மூடியிலுள்ள புனல் வழியாக வெளிச்சம் நேராக உள்ளே இறங்கி முழுப் பிலிமும் கறுத்துவிடும். சில்வர் ரீலை மேசையில் வைத்துக் குனிந்து பக்கவாட்டாகப் பாருங்கள். இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். ஒரு முறை சீமெந்துத் தரையில் விழுந்த ரீலை, விற்கிறவர் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இனி ஏற்றுவது. பழுதாகப் போன ஒரு பிலிமைப் பலி கொடுங்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, பிறகு கையை மட்டும் நுழைத்து வேலை செய்கிற, வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள். பத்துத் தரம் தடங்கலின்றி ஏறும்வரை உண்மையான பிலிமைத் தொட வேண்டாம்.

35 மி.மீ. பிலிமுக்கு நான் செய்வது இது. கமராவில் திருப்பிச் சுற்றும்போது பிலிமின் நாக்கு, அதாவது ஒடுங்கிய முன்முனை, வெளியே நிற்கும்படி விடுகிறேன். வெளிச்சத்திலேயே அந்த நாக்கை நேராக வெட்டுகிறேன், விளிம்பிலுள்ள துளையை ஊடறுக்காமல் இரண்டு துளைகளுக்கு நடுவில். துளையில் வெட்டினால் கொக்கி மாதிரி ஒரு முனை நிற்கும், அது தவாளிப்பில் குத்திக்கொள்ளும். பிறகு இரண்டு மூலையையும் நகம் வெட்டுகிற அளவுக்கு வட்டமாக்கிவிட்டு, குண்டுகளைத் தாண்டி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் செருகுகிறேன். அந்தத் துண்டு கமராவில் போடும்போதே வெளிச்சம் பட்டதுதான், கவலையில்லை. இருட்டில் செய்ய மிச்சமிருப்பது திருப்புவதும் கடைசியில் வெட்டுவதும் மட்டும். பிலிமை உறையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக இழுத்துக்கொண்டே திருப்புங்கள், விளிம்பை மட்டும் பிடியுங்கள். 36 படப் பிலிம் ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளம், முழுவதையும் ஒரேயடியாக வெளியே எடுத்தால் பைக்குள் பாம்பு மாதிரி நெளியும்.

இறுகினால் தள்ள வேண்டாம். தள்ளினால் பிலிம் மடியும், மடிந்த இடத்தில் பிறை வடிவத்தில் தழும்பு விழும், அது எந்த மருந்துக்கும் போகாது. ரீலை மேசையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் இரு பாதிகளையும் பிரித்துப் பிலிமை விடுவித்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

சில்வர் ரீலில் பிலிமை விரல்களுக்கிடையில் மெல்ல வளைத்துப் பிடித்து, ரீலைத் திருப்பி, அது தானாகச் சுருளுக்குள் இறங்க விட வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் பிலிமைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக முன்னும் பின்னும் ஆடினால் சரியாகப் போகிறது. அசையாமல் நின்றால் ஏதோ ஒரு வரி தாவியிருக்கிறது, இரண்டு சுற்றைக் கழற்றி மீண்டும் சுற்றுங்கள். சின்னச் சோதனைதான், ஆனால் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு சில்வர் ரீலில் ஒரு படம்கூட எனக்கு ஒட்டியதில்லை.

எங்கே உட்கார்ந்து செய்வது? குளியலறை வேண்டாம், அது ஈரத்தின் வீடு. கறுப்புப் பை நல்லதுதான், ஆனால் பத்து நிமிடத்தில் உள்ளே ஆவி கட்டும், கை வழுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் அவசரப்படாமல் பிலிமை அப்படியே டாங்குக்குள் போட்டு, நடுக்குழாயையும் வைத்து, மூடியைப் பூட்டுங்கள். வெளிச்சம் போகாது. கையை வெளியே எடுத்து, கழுவித் துடைத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொடரலாம். இதை எனக்குத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ படங்கள் தப்பியிருக்கும்.

நான் இப்போது இரவில் படுக்கையறையில் செய்கிறேன். யன்னலுக்குத் தடித்த போர்வை, கதவின் கீழே சுருட்டிய சாறம். விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். முகத்துக்கு முன்னால் பிடித்த வெள்ளைத் தாள் தெரிந்தால் இருட்டுப் போதாது. நுளம்பு மருந்துக் கருவியின் சிவப்புப் பொட்டு, இணையப் பெட்டியின் பச்சைப் பொட்டு, கைக்கடிகாரத்தில் ஒளிரும் முள், எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். கறண்ட் போயிருக்கும்போது தொடங்காதீர்கள், திரும்ப வரும்போது எந்த விளக்கின் சுவிட்சு போட்டபடி இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

120 பிலிமுக்கு ஒரே ஒரு சொல். காகிதத்திலிருந்து பிரிக்கும்போது கடைசியில் வரும் ஒட்டுநாடாவை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், மெல்ல உரியுங்கள். அகலமான பிலிம், தளர்ந்து தொங்கும். முதல் ஒரு சாணுக்குப் பொறுமை வேண்டும், பிறகு தானாகப் போகும்.

இரண்டு ரீல் கொள்ளும் டாங்கில் ஒரு பிலிம் மட்டும் கழுவினால் பிலிம் உள்ள ரீல் கீழே, வெறும் ரீல் மேலே. இல்லாவிட்டால் குலுக்கும்போது ரீல் மேலே ஏறி மருந்துக்கு வெளியே நிற்கும்.

கழுவி முடிந்ததும், கடைசியில் விடுகிற நீர்ப்புள்ளி தவிர்க்கும் திரவத்துக்குள் ரீலைப் போடாதீர்கள், பிலிமைக் கழற்றித் தனியாக நனையுங்கள். அந்தத் திரவம் தவாளிப்பில் காய்ந்து படிந்தால் அடுத்த பிலிம் அங்கேதான் நிற்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, அதுவும் படியும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இளஞ்சூட்டு நீரில் தவாளிப்பைத் தேய்த்து, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் காற்றில் வையுங்கள். மாரியில் ஒரு பகல் போதாது, இரண்டு நாள் விடுங்கள். அதனால் வாங்கும்போதே இன்னொரு ரீலும் சேர்த்து வாங்குங்கள்.