வேலைநிறுத்தக் காலத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்ததும் பலர் பதறிப்போய் முதலில் செய்வது, இன்னும் செல்லுபடியாகும் பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பிவிடுவதுதான். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை என்பேன். பிரிட்டனில் புதுப்பிக்க அனுப்பிய பழைய பாஸ்போர்ட் ரத்து செய்யப்பட்டுவிடும். பிறகு மனம் மாறினாலும் அதை வைத்துப் பயணம் செய்ய இயலாது. ஆகவே பயணம் நெருங்கியிருந்தால், கையிலிருப்பதைக் கொண்டே போய்வர முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பல நாடுகள் 6 மாதச் செல்லுபடிக் காலத்தைக் கேட்கின்றன. பொதுவான விசா, எல்லை விதிகளைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லும் வெளிநாட்டவருக்கோ, அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் 3 மாதம் இருந்தால் பொதுவாகப் போதும். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

வேலைநிறுத்தம் முடியும் நாளைக் கணக்கிட்டு விமான டிக்கெட் எடுப்பதும் ஆபத்தானது. பிரிட்டனில் 2023 ஏப்ரல் 3 முதல் மே 5 வரை பாஸ்போர்ட் அலுவலக ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். இப்படி ஐந்து வாரம் நீடிக்கும் போராட்டம் ஓய்ந்தாலும், தேங்கிய விண்ணப்பங்களும் புதிதாக வருபவையும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

டிக்கெட்டைக் காட்டினால் அவசரப் பிரிவில் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கனடாவில் 2023 ஏப்ரல் 19 அன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கடும் நோய், குடும்பத்தில் மரணம், வேலை அல்லது தொழில் சார்ந்த பொருளாதார நெருக்கடி போன்ற காரணங்களுக்கே பாஸ்போர்ட் வழங்கப்பட்டது. விடுமுறைப் பயணம் அவற்றுள் சேரவில்லை. உண்மையான அவசரம் இருப்பவர்கள் மருத்துவமனைக் கடிதம், இறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புகைப்படத்தில் விழுந்த நிழல், விடுபட்ட கையொப்பம், சான்றிதழ்களுக்கிடையே வேறுபடும் பெயர் எழுத்து ஆகியவை சாதாரண நாளில் சில நாட்களை விழுங்கும். ஆள் குறைந்த அலுவலகத்தில் அதே பிழை பல வாரங்களை விழுங்கிவிடும். பதில் வரவில்லை என்று இரண்டாவது விண்ணப்பம் போடுவது இதைவிட மோசம், ஏனெனில் ஒரே நபரின் இரு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை கூடுதலாகிறது.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின் எடுக்கும் பாலிசிகள் அதனால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்வதில்லை.