பழைய புரோகிராமைக் கைமாற்றும் முன்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றுக்காகப் பொழுதுபோக்காய் எழுதிய எடைக் கணக்கு புரோகிராமை, பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தேன். எழுதியது விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராம் மொழியில்; 1998-இல் வந்த சரக்கு. அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கு மைக்ரோசாப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது.

சோர்ஸ் கோடை, அதாவது நாம் எழுதிய மூல வரிகளை, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாது. அவருடைய லேப்டாப்பில் அவரே முதலிலிருந்து நிறுவட்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து (கஷ்டம்தான்!), எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறியுங்கள். அந்தத் தாள்தான் கையேடு. எங்களுக்கு முதலில் இடறியது ஒரு ஓசிஎக்ஸ் கோப்பு, அதாவது புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோப்பு. என் கணினியில் என்றோ பதிவு செய்து மறந்தே போனது. அடுத்தது எழுத்துரு. யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த வியாபாரிகள் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாய் இளித்தன. எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

விசித்திரமான வரிகளுக்குக் காரணம் எழுதிவையுங்கள். எடையில் கழிவு பிடிக்கும் வரியைப் பிழையென்று அழிக்கப் போனார். அது அந்த மண்டி வழக்கம்.

மாற்றி எழுதும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். மாங்காய் சீசனில் மட்டும் கைமாற்ற வேண்டாம். சந்தேகம் கேட்க மண்டியில் ஆள் சிக்காது.