ஃப்ரஜைல், ஃப்ரெயில்: ஒரு சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

ஒரு மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒரே பக்கத்தில் வந்து என்னைப் படுத்திவிட்டன. தேடிக் கண்டுபிடித்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: இன்றைய பொருளைப் பிரியுங்கள். ஃப்ரஜைல் என்றால் எளிதில் உடையக்கூடியது. கண்ணாடிச் சாமான் பெட்டியில் ஒட்டும் சீட்டில் இருப்பது இதுதான். ஃப்ரெயில் பெரும்பாலும் ஆட்களுக்கு: முதுமையிலோ நோயிலோ தளர்ந்தவர். சபலத்துக்கு இணங்கிவிடும் மனசு என்ற பழைய பொருளும் அதற்கு உண்டு.

படி 2: லத்தீனுக்குப் போங்கள். நான் முதலில் திறப்பது எட்டிமான்லைன் என்ற சொற்பிறப்பு அகராதித் தளம், பிறகு விக்சனரி என்ற இணைய அகராதியில் சரிபார்ப்பேன். ஒன்றை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. இரண்டு சொல்லுக்கும் மூலம் 'ஃப்ரகிலிஸ்' என்றுதான் இருக்கும். அது 'ஃப்ரங்கெரே' என்ற வினையிலிருந்து வந்தது. பொருள்: உடைப்பது.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம். வினையில் 'ங்' இருக்கிறது, ஃப்ரகிலிஸில் இல்லையே? அது நிகழ்காலத்துக்காக நடுவில் செருகிய மூக்கொலி. அதை எடுத்துவிட்டால் 'ஃப்ரக்' என்ற வேர் மிஞ்சும். ஃப்ராக்சன், ஃப்ராக்சர், ஃப்ராக்மென்ட் எல்லாம் இந்த வேரில் முளைத்தவை. (ஃப்ராக்ரன்ட்டையும் இதில் சேர்த்து ஒரு முழு மாலையை வீணாக்கினேன். அது மணம் வீசுவதைக் குறிக்கும் வேறொரு வினையின் பிள்ளை.)

சரி, ஃப்ரெயிலில் அந்த 'க்' எங்கே போனது? பிரெஞ்சு தின்றுவிட்டது. லத்தீன் சொற்கள் பேச்சில் தேய்ந்து பழைய பிரெஞ்சாக மாறியபோது உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்ற இந்த மெய் பல இடங்களில் கரைந்துபோனது. ஃப்ரகிலிஸ் 'ஃப்ரெயில்' ஆகி, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் படித்தவர்கள் லத்தீன் வடிவத்தையே மறுபடி எடுத்து ஃப்ரஜைல் என்று புழங்கினார்கள். ஒரே சொல், இரண்டு வாசல். லீகல்–லாயல், ரீகல்–ராயல் ஜோடிகளைப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான்.

படி 4: ஆங்கிலத்தின் சொந்த உறவைத் தேடுங்கள். உடைப்பதைக் குறிக்கும் பிரேக்! (வண்டியை நிறுத்தும் பிரேக் அல்ல.) லத்தீனில் சொல்முதலில் 'ஃப்' வருகிற சில இடங்களில் ஆங்கிலத்தில் 'ப்' வரும்: ஃப்ராட்டெர்–பிரதர். நடுவில் மெல்லிய 'க' வந்தால் இங்கே அழுத்தமான 'க்க': லத்தீனில் வயலுக்கு அகெர், ஆங்கிலத்தில் ஏக்கர். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்ரக்–பிரேக் தானாகப் பொருந்தும். ஒலி மாற்றத்துக்கு இப்படி இணைச் சான்று கிடைக்காவிட்டால் உறவு கொண்டாடாதீர்கள்.

பின்சேர்க்கை: "அப்படியானால் பிரிட்டிலும் பிரேக்கின் பிள்ளையா?" என்று இதைப் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். இல்லை. அது 'உடைப்பது' என்றே பொருள்படும் 'பிரேயோட்டன்' என்ற இன்னொரு பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. வளையாமல் பட்டென்று முறிவதற்குத்தான் பிரிட்டில், சாக்பீஸ் மாதிரி.

இன்னொருவர் அகராதியில் ஃப்ரெயிலுக்கு 'கூடை' என்று பார்த்துக் குழம்பியிருந்தார். அத்தியும் உலர்திராட்சையும் கட்டும் கோரைக் கூடை அது. எழுத்து ஒன்று, சொல் வேறு. பெயர்ச்சொல் என்று போட்டிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.