மலிவு ரிசீவரைப் பறக்கவிடும் முன்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தில் மலிவு ரிசீவரை (சிக்னலை வாங்கும் கருவி) மாட்டியிருந்தால், முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். பேட்டரி அதற்குப் பிறகுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனா வயரில் சிக்னலைப் பிடிப்பது நுனியில் ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) உரித்த சுமார் 31 மில்லிமீட்டர் மட்டுமே. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மலிவுச் சரக்கில் அது கூடக் குறைய இருக்கும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் வைத்திருந்த ரிசீவர் என்றால் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பாதியில் வைத்து, கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, அமையவில்லை. அதைச் சரிசெய்யாமல் பறக்கவிடவே கூடாது, கரையில் வலை உலர்த்துகிறவர்கள் இருப்பார்கள்.

பிறகு டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக் நிலையில் (சிக்னல் பலத்தைக் குறைக்கும் நிலை) வைத்து முப்பது காலடி தள்ளி நின்று, இன்னொருவரை விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். சர்வோ (வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) எங்கே துடிக்கிறதோ அங்கே ஆன்டெனா மறைகிறது. விமானத்தை ஈர மணலில் வைக்காதீர்கள், ஸ்டூல் மேல் வையுங்கள். தரையோடு கிடந்தால் நல்ல ரிசீவரும் தோற்கும்.

எல்லா சர்வோவையும் ஒன்றாக ஆட்டும்போது ரிசீவருக்கு வரும் 5 வோல்ட் சட்டென்று இறங்கினால் குறை ரிசீவரில் இல்லை, பேட்டரி வோல்டேஜைக் குறைத்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிஇசி சர்க்யூட்டில்.

உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் பறக்கவிட வேண்டாம்.